சாக்குக்குள் இருந்தவனுக்கு நன்றி

பெப்ரவரி 23, சனி

நேற்றுக் கையெழுத்து வைத்துவிட்டார்களாம். அரசாங்கம் ஒரு பக்கம், இயக்கம் மறுபக்கம். இனி வெடிச்சத்தம் இல்லை என்று ரேடியோ காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் பேக்கரியிலிருந்து வரும்போது இரண்டு பாணும் ஒரு சீனி பணிசும் கொண்டுவந்தார். முதலாளி சந்தோசத்தில் கொடுத்தாராம். அந்த மனுசன் சீனி பணிசு சும்மா கொடுப்பதென்றால் சமாதானம் உண்மையாகத்தான் வந்திருக்க வேண்டும்.

இந்த டயரியும் முதலாளி கொடுத்ததுதான். போன வருடத்து டயரி, கிழமைகள் ஒத்துவராது. நானே வெட்டித் திருத்தி எழுதுகிறேன். பிரஷர் கிளினிக்கில் இருக்கும் மிஸ் சொன்னார்: "அம்மா, ஒவ்வொரு நாளும் நன்றி சொல்லுறதுக்கு ஒரு விசயம் எழுதுங்க. மறுகா மாத்திரையப் போடுங்க. பிரஷர் தானா இறங்கும்." எழுதிப் பார்ப்போம். மாத்திரையைவிட இது மலிவு.

நன்றி: கையெழுத்து வைத்த இரண்டு பேருக்கும்.

பெப்ரவரி 26, செவ்வாய்

இரண்டு நாளாக மழை, விறகெல்லாம் ஈரம். அடுப்பு ஊதி ஊதிக் கண் சிவந்துவிட்டது.

நன்றி எழுதத் தொடங்கினால் முதலில் எழுத வேண்டிய ஆள் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. அவனைத் தலையாட்டி என்பார்கள். எங்கள் ஈச்சந்துறையில் சின்னப்பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். ஊரைச் சுற்றிவளைத்தால் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். ஜீப்புக்குள் ஒருவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு ஆடினால் லொறியில் ஏற்றுவார்கள். ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

பல வருடங்களுக்கு முன்னால், ஆனி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் ஊரைச் சுற்றிவளைத்தது அஞ்சாங்கட்டைக் காம்ப். எங்கள் வீட்டுக்காரர் சாமித்தம்பி சாக்குக்கு முன்னால் நின்றார். பெண்கள் நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சாக்கு அவரை நன்றாகப் பார்த்தது. ஆடவில்லை.

அவருக்கு அடுத்ததாக நின்றது பக்கத்து வீட்டுக் கனகமணி அக்காவின் மகன் நேசன். சாக்கு ஆடியது.

அதைப் பற்றி எழுத இந்த டயரி வாங்கவில்லை. சாக்கு ஆளின் இடுப்பு வரைக்கும் மூடியிருந்தது. ஜீப்பின் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் நான் காலைப் பார்க்கவில்லை.

நன்றி: சாக்குக்குள் இருந்தவனுக்கு. என் தாலி அவன் தந்தது.

மார்ச் 3, ஞாயிறு

குகனைப் பற்றி எழுத வேண்டும். என் ஒரே தம்பி. அஞ்சாங்கட்டைக் காம்பில் இருக்கிறான்.

ஐந்தாம் மைல் கட்டைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பெயர். எல்லாரும் எங்கள் ஊர்ப் பொடியன்கள்தான். முதலில் இயக்கத்தில் இருந்தவர்கள், சண்டை பிடித்துக்கொண்டு விலகி ஓடியவர்கள், வீட்டில் சோறில்லாமல் போனவர்கள். துவக்கும் தோட்டாவும் அரசாங்கத்துடையவை, சாப்பாட்டு லொறியும் அரசாங்கத்துடையது. ஆனால் கேட்டால் "அவங்க எங்கட ஆட்களில்ல" என்று ஆமி கப்டன் சொல்லுவார். குகனை இயக்கமும் தேடியது, ஆமியும் தேடியது. காம்புக்குப் போனதால்தான் உயிரோடு இருக்கிறான் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்ட வருடங்கள் கொஞ்சமல்ல.

இன்றைக்குச் சாப்பிடும்போது எங்கள் வீட்டுக்காரர் ஒரு கதை சொன்னார்.

"கலியாணத்துல மாப்பிள்ளையும் பொண்ணும் கையெழுத்து வச்சிட்டாங்க கா. ஆனா மாப்பிள்ளைத் தோழன் மணவறைய விட்டு இறங்கமாட்டான் எண்டு நிக்கான். கையில துவக்கு வேற."

சிரித்தேன். பிறகு சோறு இறங்கவில்லை. ஒப்பந்தத்தில் காம்புகளின் துவக்கைக் களைய வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதாம். அந்த வரியைக் காம்பில் யாரிடமும் கேட்டு எழுதவில்லை.

நன்றி: விறகு காய்ந்தது.

மார்ச் 15, வெள்ளி

கண்காணிப்புக் குழு என்று வெள்ளைக்காரர் இரண்டு பேர் வெள்ளை ஜீப்பில் வந்தார்கள். கோயிலடியில் வைத்து ஊர்ச் சனத்தை விசாரித்தார்கள். "இரண்டு தரப்பும் ஒழுங்கா நடக்குதா?" என்று மொழிபெயர்ப்புக்காரத் தம்பி கேட்டார். எல்லாரும் "ஓம்" என்றோம். மூன்றாவது தரப்பு மோட்டர் சைக்கிளை மதிலோடு சாத்திவைத்துக் கேட்டுக்கொண்டு நின்றது. வேறென்ன சொல்லுவது.

துவக்கைக் கொடுப்பவர்களுக்கு வேறு மாவட்டத்தில் வேலை கொடுப்பார்களாம். காம்புப் பெரியவர் பொடியன்களை வரிசையில் நிறுத்தி, "ஒருத்தனும் போகப்படாது. துவக்க வச்சிட்டு வெளிய கால வச்சா இயக்கம் உங்கள விடுமா?" என்று கேட்டாராம். அவர் சொல்லுவதிலும் உண்மை இருக்கிறது. அவருக்கு இருக்கும் பயம் வேறு என்பதும் உண்மை. சண்டை இருக்கும்வரைக்கும்தான் அவர் பெரியவர். சண்டை முடிந்தால் சந்தியில் அவருக்கு ஒரு பிளேன்ரீகூட யாரும் கடன் கொடுக்கமாட்டார்கள்.

காம்புக்குப் பாண் எடுக்கப் பேக்கரிக்கு வந்த குகன் எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கதை சொல்லி அனுப்பியிருக்கிறான். "அக்காட்டக் கேளுங்க அத்தான், நான் ஊட்ட வரட்டா எண்டு."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அம்மாவின் வீடு எனக்கு வந்தது. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போக வேண்டும். முடிக்காதவனுக்கு அக்கா வீடு. முப்பத்தைந்து வயதாகியும் குகனுக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. காம்புப் பொடியனுக்கு யார் கொடுப்பார்? உலகத்தில் அவன் தட்டக்கூடிய கதவு இது ஒன்றுதான்.

அந்தக் கதவுக்கும் கனகமணி அக்காவின் கதவுக்கும் நடுவில் ஒரு கிணறும் உடுப்புக் காயப்போடும் ஒரு கொடியும் இருக்கின்றன. ஒரே கிணற்றில்தான் இரண்டு வீடும் அள்ளுகிறோம்.

நன்றி: அக்கா முருங்கை இலை தந்தார்.

மார்ச் 17, ஞாயிறு

"வா" என்று சொல்லி அனுப்பினேன். பிரஷர் கூடிவிட்டது. நன்றி: மாத்திரை முடியவில்லை.

மார்ச் 29, வெள்ளி

சந்தியில் இயக்கம் புதிதாகத் திறந்த அரசியல் அலுவலகத்துக்கு யாரோ கைக்குண்டு எறிந்திருக்கிறார்கள். அலுவலகம் பூட்டியிருந்ததால் ஒருவரும் சாகவில்லை. எறிந்தது யார் என்று ஊருக்கே தெரியும். இயக்கம் அரசாங்கத்தைக் கேட்கிறது, அரசாங்கம் "எங்கட ஆட்களில்ல" என்கிறது. கையெழுத்து வைத்த இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பஸ் ஓடவில்லை. கடைக்காரர் திரும்பவும் அரிசியை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய கதை ஒன்று. காம்பிலிருந்து இரண்டு பொடியன்கள் ஓடினார்களாம். ஒருவனைக் காணவில்லை. மற்றவன் வாவியில் மிதந்தான். இயக்கம் செய்தது என்று பெரியவர் சொல்கிறார். துவக்கோடு ஓடினான், அதனால் துரத்திப் பிடித்தது காம்புதான் என்று சனம் சொல்கிறது. பெற்றவள் மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். யார் செய்தது என்று அவள் கேட்கவேயில்லை.

நான் குகனுக்கு "வா" என்று சொல்லி அனுப்பிவிட்டேனே. இன்று நன்றி எழுத வரவில்லை. சரி, எழுதுகிறேன்: வாவியில் மிதந்தது குகன் இல்லை. கடவுளே, இதை நன்றி என்று எழுதும்படி ஆகிவிட்டதே.

ஏப்ரல் 14, ஞாயிறு

புதுவருடம். பாற்சோறு பொங்கினேன். பஸ் ஓடுகிறது, கடை திறந்திருக்கிறது. கண்காணிப்புக் குழு இரண்டு பக்கத்தையும் பிடித்து உட்காரவைத்து, ஒப்பந்தம் உடையாமல் காப்பாற்றிவிட்டதாம்.

கனகமணி அக்கா எல்லா வருடமும் போல நேசனுக்கும் ஒரு இலை போட்டார். உயிரோடு இருந்தாலும் சோறு, இல்லாவிட்டாலும் சோறு என்று அவர் எப்போதும் சொல்லுவார். இருக்கிற உயிருக்கும் இறந்த உயிருக்கும் ஒரே இலையா என்று ஐயர் கேட்டாராம். "எது எண்டு நீங்க சொல்லுங்க ஐயா, நான் மாத்திப் போடுறன்" என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

பாற்சோறு கொடுக்கப் போனபோது அக்கா கேட்டார்: "குகன் இந்த வருசமாவது வரல்லியா கா?"

இத்தனை வருடத்தில் அவன் பெயரை அக்கா சொன்னது இதுதான் முதல் தடவை. அகப்பை கையிலிருந்து விழுந்துவிட்டது. கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நன்றி: பால் திரையாமல் பொங்கியது.

ஏப்ரல் 21, ஞாயிறு

வந்துவிட்டான்! வந்துவிட்டான்! வந்துவிட்டான்!

எப்படியென்று எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. காம்புக்குப் பாண் எடுக்க இன்று குகனின் முறை. பேக்கரிக்குள் போனவன் வெளியே வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அவனுடைய சட்டையைக் கழற்றி, பேக்கரிச் சாரத்தைக் கட்டி, தலையிலிருந்து கால்வரை கோதுமை மாவை அள்ளிப் பூசிவிட்டார். முதலாளி மேசைக்குக் கீழே ஒளிந்துகொண்டாராம். பிறகு பாண் பெட்டி கட்டிய சைக்கிளை இவர் மிதிக்க, குகன் பின்னால் தள்ளிக்கொண்டு காம்பு வாசலாலேயே வந்திருக்கிறார்கள். சென்ட்ரியில் நின்றவன், "என்ன அண்ணே, புது ஆளா?" என்று கேட்டானாம். "ஓம், மாக்குழைக்க" என்றாராம் இவர்.

துவக்கு? அங்கேதான் எங்கள் வீட்டுக்காரருடைய மூளை. வாவியில் மிதந்த பொடியன் துவக்கோடு ஓடியதால்தான் துரத்தினார்கள் என்று அவர் யோசித்திருக்கிறார். அதனால் காம்புக்கு அனுப்பும் பாண் சாக்கின் அடியில் துவக்கை வைத்து, மேலே பாணை அடுக்கி, பேக்கரிப் பொடியன் ஒருவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். "பாணும் சரி, துவக்கும் சரி. ஒரு கணக்கும் மிச்சமில்ல" என்று சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

குகனைக் கிணற்றடியில் உட்காரவைத்து நானே தண்ணீர் வார்த்தேன். மா பசையாகிப் பிசுபிசுத்தது. காலைத் தேய்த்துக் கழுவினேன். இடது கால் பெருவிரலில் நகமில்லை. சின்ன வயதில் உலக்கை விழுந்து போனது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான், இங்கே எழுதுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

நன்றி: கோதுமை மாவுக்கு.

ஏப்ரல் 25, வியாழன்

அவர்கள் வந்தார்கள். இரண்டு மோட்டர் சைக்கிள், நான்கு பேர். குகன் உள்ளறையில் நெல்லுச் சாக்குகளுக்குப் பின்னால். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கொடியில் குகனின் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. எடுக்க மறந்துவிட்டேன். பாழாய்ப்போன மறதி!

முதலில் அக்கா வீட்டு வாசலில்தான் நின்றார்கள்.

"பக்கத்தூட்ட குகன் வந்தானா?"

"அவன் வந்தா நானே புடிச்சுத் தந்திருப்பன்" என்றார் அக்கா. "அவன எனக்குத் தெரியாதா?"

"அந்தச் சட்ட ஆருட?"

அக்கா நிதானமாக நடந்துவந்து சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எண்ட மகன் நேசண்ட சட்ட. நீங்க ஏத்திக்கொண்டு போன நேசன். வருசத்துக்கு ரெண்டு தரம் துவைச்சுக் காயப்போடுறன். வந்தா உடுக்க வேணாமா?"

நான்கு பேரில் மூத்தவன் நிலத்தைப் பார்த்தான். ஒருவன் மோட்டர் சைக்கிளை உதைத்தான். போய்விட்டார்கள். எங்கள் வாசலில் கால்கூட வைக்கவில்லை.

பின்னேரம் பெரிய மீனாகப் பார்த்து வாங்கி, துண்டு போட்டு எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். காலில் விழுந்துவிட்டேன். அக்கா மீனைத் தொடவில்லை.

"மீன் வேணாம் கா. நான் உங்கிட்ட ஒண்டு கேப்பன். இப்ப இல்ல. மறுகா கேக்கன்."

நன்றி: கனகமணி அக்காவுக்கு. கேட்பது எதுவாக இருந்தாலும் கொடுக்க வேண்டும்.

மே 5, ஞாயிறு

என்ன கேட்பார்? கிணற்றுப் பங்கா? தென்னங்காணியா? எங்கள் வீட்டுக்காரர் "ஆட்டக் குடுத்திருவம்" என்கிறார். இந்த மனுசனுக்கு ஆடு ஒன்றுதான் சொத்து. அக்கா தண்ணீர் அள்ள வரும்போதெல்லாம் உள்ளறைப் பக்கம் பார்க்கிறார். அவர் ஒரு வார்த்தையை யாரிடமாவது சொன்னால் போதும். காம்புக்குச் சொன்னாலும் முடிந்தது, இயக்கத்துக்குச் சொன்னாலும் முடிந்தது.

குகன் சாப்பிடுவதில்லை. சாக்குகளுக்கு நடுவில் படுக்கச் சொன்னால் மூச்சு முட்டுகிறது என்கிறான். சாக்கின் மணம் பிடிக்காதாம்.

நன்றி: அக்கா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மே 13, திங்கள்

காம்பு மெலிகிறது. பெரியவரைக் கொழும்புக்கு எடுத்துவிட்டார்களாம், அங்கே அவருக்கு வீடும் காவலும். பொடியன்களில் பாதிப்பேர் புது உடுப்பு போட்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சப்பேர் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் கரம் விளையாடுகிறார்கள். பெரியவருக்கு வீடு கிடைத்தது, பொடியன்களுக்குப் பகை கிடைத்தது. இனி குகனுக்குப் பயம் காம்பில்லை, ஊர்தான். லொறியில் ஏற்றப்பட்டவர்களின் வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் எத்தனை.

நன்றி: வாசலில் மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்கவில்லை.

மே 21, செவ்வாய்

கண்ணகை அம்மன் கோயிலில் வருடச் சடங்குக்குக் கதவு திறந்தார்கள். ஐந்தாம் கட்டையைத் தாண்டி அம்மனைக் கொண்டுபோக விடாததால் இத்தனை வருடம் சும்மா விளக்கு மட்டும் வைத்தோம். இந்த வருடம் அம்மனைத் தண்ணீரால் குளிர்விக்கும் குளிர்த்தி முழுதாக நடக்கும். பறைச் சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்தது.

நன்றி: அம்மாளாச்சிக்கு.

மே 28, செவ்வாய்

நேற்றுக் குளிர்த்தி. விடியும்வரைக்கும் கோயிலில் இருந்துவிட்டு வந்து, தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். அம்மனைக் குளிர்த்திய தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு அக்கா வந்தார். எல்லாரும் தங்கள் வீட்டுக்கு அதைத் தெளிப்பது வழக்கம். அக்கா தன் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வாசலுக்குள் வந்து, நேராக உள்ளறைக்குப் போனார்.

குகன் எழுந்து நின்றான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"இந்தக் கால் எனக்குத் தெரியும் மனே. ஜீப்புக் கதவு திறந்து கிடந்திச்சு. நான் பாத்தன். உண்ட அக்காவும் பாத்தவ."

"இல்லக்கா, நான் பாக்கல்ல" என்றேன்.

"பாத்த கா. எண்ட கையப் புடிச்சுக்கொண்டுதான் நிண்ட. உண்ட கை சில்லிட்டுப் போச்சு. நானும் சொல்லல்ல, நீயும் சொல்லல்ல. ஒரே கிணத்துல அள்ளிக் குடிச்சம்."

குகன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அண்டைக்கு ஆட்டாம விட்டா எனக்கு அடி. கொண்டு வந்தவனுகள் பக்கத்துல நிண்டு பாத்தானுகள். அத்தானுக்கு ஆட்டச் சொல்லி ஒருத்தன் என்ன இடிச்சான். நான் ஆட்டல்ல. மறுகா வாறவனுக்கு ஆட்டாட்டி என்னையும் ஏத்தியிருப்பானுகள். வந்தது நேசன்."

கேத்தல் கொதித்துத் தண்ணீர் அடுப்பில் வழிந்தது. யாரும் எழவில்லை.

"ஏன் எண்டு நான் கேக்க வரல்ல" என்றார் அக்கா. "எனக்கு ஒரு திதி வேணும். நாள் தெரியாம எப்பிடித் திவசம் குடுக்கிற? நீ வாயால சொல்லாத. உனக்குத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லு. நேசன் இல்லத்தானே?"

குகன் தலையை ஆட்டினான்.

"அண்டைக்கேவா?"

ஆடவில்லை.

"அடுத்த நாளா? வியாழக்கிழமையா?"

ஆடவில்லை.

"வெள்ளிக்கிழமையா மனே?"

ஆட்டினான். அந்தத் தலையை நான் அன்றைக்குப் பார்த்ததுபோலவே பார்த்தேன். அதே ஆட்டம்.

"வெள்ளிக்கிழம" என்று அக்கா தனக்குள் சொல்லிப் பார்த்தார். "வளர்பிறை. நவமி வந்திருக்கும்." பிறகுதான் அழுதார். வாய் விட்டு, நெஞ்சில் அடித்து அழுதார். இத்தனை வருடமும் அவர் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

அழுது முடித்து, செம்பிலிருந்த தண்ணீரைக் கையில் எடுத்துக் குகனின் தலையில் தெளித்தார்.

"உன்ன மன்னிக்க எனக்குத் தெரியா. சொன்னதுக்கு நன்றி மனே. நீயும் செத்திருந்தா இத ஆரு சொல்லுவா? அதுக்குத்தான் அவனுகள் தேடி வந்தண்டைக்கு உன்னக் குடுக்கல்ல." எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "திவசத்துக்கு விறகு வேணும். வந்து கொத்தித் தா. பகல்ல வா. முத்தத்துல வச்சுக் கொத்து. ஊர் பாக்கட்டும்."

ஜூன் 20, வியாழன்

ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி குறித்துக் கொடுத்தார். வளர்பிறை நவமி. அக்கா கணக்கு சரி. நேசனுக்கு முதல் திவசம் இன்று நடந்தது.

விடிந்ததும் குகன் கோடரியோடு அக்கா வீட்டு முற்றத்துக்குப் போனான். முருங்கை மரத்தடியில் விறகைப் போட்டுக் கொத்தத் தொடங்கினான். தெருவில் சனம் நின்று பார்த்தது. இயக்க அலுவலகப் பொடியன் ஒருவனும் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான். நேசனைப்போலவே லொறியில் மகனை ஏற்றக் கொடுத்த வாவியோரத்து மனுசி ஒருத்தியும் நின்றாள். அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்து, குகன் கையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும்வரைக்கும் பக்கத்தில் நின்றார். சனம் ஒவ்வொருவராகக் கலைந்தது. இயக்கப் பொடியன் மணியடித்துக்கொண்டு போனான்.

சமையல் நான்தான். நேசனுக்குப் பிடித்த பூசணிக்காய்க் கறியும் பயற்றங்காயும். படைத்து முடித்ததும் அக்கா இலையை மடித்தார். இனிப் புதுவருடத்துக்கு இலை போடமாட்டார். நீலச் சட்டையைக் குகனிடம் திருப்பிக் கொடுத்தார்.

பிரஷர் கிளினிக்குக்கு நாளைக்குப் போக வேண்டும். இந்த டயரியைப் பார்த்தால் மிஸ் சந்தோசப்படுவார், ஒரு நாளைத் தவிர எல்லா நாளும் நன்றி எழுதியிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் தாலி அவன் தந்தது என்று சாக்குக்குள் இருந்தவனுக்கு எழுதியிருக்கிறேன். என் தம்பி தலையை ஆட்டாமல் விட்டான், அது உண்மை. ஆனால் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொண்டது வரிசையில் எங்கள் வீட்டுக்காரருக்கு அடுத்ததாக நின்ற பிள்ளை. இருபது வயது. அவன் பெயரை நன்றி எழுதும் இந்த இடத்தில் நான் ஒருநாளும் எழுதவில்லை.

நன்றி: நேசனுக்கு.